முப்பத்தாறு ரெகுலர்

ஓஹையோவிலிருந்து கூரியரில் வந்தது
ஒரு செத்த சட்டை.
அமெரிக்கக் காலாட்படை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று.
பிரித்துப் பார்க்கலாம் என்று
எழுதிக் கொடுத்திருந்தார் ஹாலோவெல்.
ராயபுரத்தில் எங்கள் சாம்பிள் ரூம் மேசையில்
மல்லாக்கப் படுக்கவைத்துத்
தையல் தையலாய்ப் பிரித்தேன்.
"போஸ்ட்மார்ட்டமுங்களா" என்றான்
கட்டிங் மாஸ்டர் செல்லக்குட்டி.

வருசா வருசம் ஜூன் மாதம்
ஒரு சோளக்காட்டில் கூடிப்
பழைய யுத்தத்தைத் திரும்ப நடத்துவார்களாம்.
பதினோரு மணிக்குச் செத்தவர்
ஒரு மணிக்கு எழுந்து சாப்பிடலாம்.
ஆனால் நூல் மட்டும் பருத்தியாக இருக்கணும்,
பாலியஸ்டர் ஓர் இழை தெரிந்தாலும்
யுத்தம் பொய்யாகிவிடும்.

துணி மீன்முள் நெசவு.
சோமனூரில் ஒரே ஒரு தறிக்காரர் ஒத்துக்கொண்டார்.
நிறத்துக்குத்தான் ஏழு தடவை அலைந்தோம்.
பாசிப்பயறு என்றேன். இல்லை.
வாடின எருக்கலை என்றார்
சாயப்பட்டறை அர்த்தனாரி. அதுவும் இல்லை.
கடைசியில் ஒத்துப்போனது
வெயிலில் கிடந்த, இரண்டாம் நாள் மாட்டுச்சாணம்.
"மெயில்ல அத எழுதிப்போடாதீங்க" என்றார் முதலாளி.

பொத்தானில் பதிமூன்று நட்சத்திரம் வேண்டும்.
முதல் லாட் வந்தது.
பூதக்கண்ணாடியில் எண்ணினேன், பன்னிரண்டு.
மறுபடி எண்ணினேன்.
அச்சு திரும்பிப் போனது.

பொத்தான்பட்டிக்குப் பின்னால் ஒரு மடிப்பு,
விஷப்புகை நெஞ்சில் படாமலிருக்க.
அவர்கள் போன இடத்தில்
புகை கடைசிவரை வரவேயில்லையாம்.
மடிப்பை மட்டும்
எத்தனை லட்சம் தைத்தார்களோ.

இடது பாக்கெட்டில்,
மேலிருந்து மூன்றாவது அங்குலத்தில்
அசல் தையல் நடுங்கியிருந்தது.
ஷிப்டு முடிகிற நேரமாக இருந்திருக்கும்,
எவளோ ஒருத்தி.
அந்த நடுக்கமும் வேண்டும் என்றது ஸ்பெக் ஷீட்.
இருபத்திரண்டு வருசம்
நடுங்காமலிருக்கக் கூலி வாங்கியவள் நான்.
நடுங்கிப் பழக
ஒரு முழு நாள் ஆனது.
செக்கிங் கோகிலவாணி சிவப்பு அம்பு ஒட்டினாள்.
பிய்த்தேன். திரும்ப ஒட்டினாள்.
"ஏனுங்க்கா, கோணலுக்கா இத்தன கூலி?"

இரண்டு சாம்பிள் தைத்தோம், முப்பத்தாறு ரெகுலர்,
செத்த சட்டையின் அதே அளவு.
ஒன்று ஓஹையோவுக்குப் போனது.
இன்னொன்று, பன்னிரண்டு நட்சத்திரக்காரி,
இங்கே கொக்கியில் தொங்கினாள்.

நூல் சரி, நிறம் சரி,
நடுக்கம் பிரமாதம் என்று எழுதிய ஹாலோவெல்
கூடவே சைஸ் பட்டியல் வைத்திருந்தார்.
நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டில் பதினொன்று.
அன்றைக்குப் போனவர்கள் பையன்கள்.
இன்றைக்கு நடத்துகிறவர்கள்
பென்ஷன் வாங்குகிறவர்கள்.
பாக்கெட்டை அகட்டினோம்,
இடுப்புக்குத் துணி விட்டோம்,
நடுக்கத்தையும் சைஸுக்குச் சைஸு
கொஞ்சம் கொஞ்சமாய் நீட்டினோம்.
அறுபது உருப்படியும் கப்பலேறின.

பன்னிரண்டு நட்சத்திரக்காரி
கழிவு மூட்டையோடு
காதர்பேட்டைக்குப் போனாள்.

போன செவ்வாய் பல்லடம் பஸ்ஸில்
மேல்கம்பியைப் பிடித்து நின்றிருந்தான்
ஒரு அமெரிக்கக் காலாள்.
பத்தொன்பது இருக்கலாம்,
கையில் சிமெண்ட் வெளுப்பு,
காலடியில் மேஸ்திரிக் கரண்டியோடு ஒரு சாந்துச்சட்டி.
தோளில் அரை அங்குலம்கூடத் தொங்கல் இல்லை.
கை சரியாய் மணிக்கட்டில் முடிந்தது.
ஒரு திருத்தமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண்டக்டர் கேட்டபோது
இரண்டாவது பொத்தானைக் கழற்றி
விஷப்புகை மடிப்புக்குள் விரலை விட்டான்.
நாலாய் மடித்த டிக்கெட்
நனையாமல் இருந்தது.

காரணம்பேட்டை வருகிற வரைக்கும்
அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்னக்கா என்பதுபோல் திரும்பினான்.
ஒன்றுமில்லை என்றேன்.
எண்ணிக்கொண்டிருந்தேன்.